விலைக்கு வந்தவரும் வீட்டில் வளர்ந்தவரும்: பேராக் காற்பந்தின் கதை



கோலகங்சார் நகரில் ஒரு முதிய கித்தா மரம் நிற்கிறது. 1877ஆம் ஆண்டு அங்கே நடப்பட்ட முதல் கன்றுகளில் எஞ்சியது அது. அதன் பூர்வீகம் நம் நாடன்று. பிரேசில் நாட்டுக் காட்டில் எடுத்த விதை இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தது. கன்றுகள் கடல் கடந்து பேராக் மண்ணுக்கு வந்தன. அந்த அயல்நாட்டு மரத்தை நம்பித்தான் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பலேறினார்கள்.

மரத்தைப் பற்றிப் பேச வந்தோம் என்று எண்ண வேண்டாம். 2018ஆம் ஆண்டு பேராக் குழு மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் கில்மார், லியான்ட்ரோ, வாண்டர் லூயிஸ் என்று மூன்று பிரேசில் நாட்டு ஆட்டக்காரர்கள் இருந்தனர். அயல்நாட்டிலிருந்து நல்ல இனத்தைக் கொண்டுவருவது பேராக்கிற்குப் புதியதன்று. கொண்டுவந்ததை நம் மண்ணில் ஊன்றி, நாற்று விட்டு, அடுத்த தலைமுறைக்கும் பயன்படச் செய்தோமா என்பதே கேள்வி. மரத்தில் செய்தோம். காற்பந்தில் என்ன செய்தோம் என்பதை இன்று சற்று வரலாற்றோடு பார்ப்போம்.

இன்று மலேசியக் கிண்ணம் என்று நாம் அழைப்பதன் பழைய பெயர் மலாயாக் கிண்ணம். 1921இல் 'மலாயா' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அதைப் பரிசாக அளித்தனர். அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்தது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்கள். அந்நாளில் அம்மாநிலங்களின் வருவாய் ஈயத்திலும் இரப்பரிலுமிருந்து வந்தது. ஆகவே அந்தக் கிண்ணத்தில் தோட்டத் தொழிலாளியின் வியர்வைக்கும் ஒரு பங்குண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

பேராக் முதன்முதலாக 1926இல் அதை வென்றது. பின்னர் 1931, நாடு விடுதலை பெற்ற 1957, அதன் பிறகு 1967, 1970. இந்த ஐந்து வெற்றிகளின் காலத்தில் ஆட்டக்காரரை விலை கொடுத்து வாங்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றவில்லை. திறமையுள்ள ஒருவனைத் தம் பக்கம் இழுக்க வேண்டுமானால் அரசாங்க இலாகாவோ, மின்சார வாரியமோ, வங்கியோ, காவல் படையோ அவனுக்கு ஒரு வேலை கொடுக்கும். பகலில் அலுவலகம், மாலையில் பந்து. ஆட்டம் முடிந்த பின்னும், முட்டி தேய்ந்த பின்னும், அந்த வேலை இருக்கும், ஓய்வூதியமும் இருக்கும். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அந்த ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஈப்போவின் பெரிய பள்ளிகளிலிருந்து பலர் வந்தனர். ஆனால் பள்ளிக்கு முன்பே அவர்களில் சிலர் பழகிய இடம் வேறு. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் செராய், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை, இவற்றோடு ஒரு திடலும் இருக்கும். விடியுமுன் பெரட்டு, பகலில் பால் எடுத்துக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தெழுந்தால், வெயில் தாழும் நேரத்தில் திடலில் ஆள் சேர்ந்துவிடும். பால் வெட்டுகிறவரும், மண்டோரும், கிராணியின் மகனும் ஒரே பந்தின் பின்னால் ஓடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரியில் ஏறிக்கொண்டு போவார்கள். லயத்துச் சிறுவர்கள் திடலோரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். பந்து வெளியே வந்தால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் ஆள் குறைந்தால் உள்ளே அழைக்கப்படுவார்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் இன்று பெரிய கழகங்கள் பெரும் பணம் செலவழித்து உருவாக்கப் பார்க்கும் இளைஞர் பயிற்சிக்கூடத்தின் தத்துவம் முழுவதும் இருக்கிறது. சிறுவன் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தான். பிறகு அவர்களுக்கு நடுவே ஆடினான். தவறு செய்தால் திட்டவும், அடிபட்டால் தூக்கவும் பக்கத்தில் மூத்தவர் இருந்தார். எந்தத் தோட்டத் துரையும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, தானாக நடந்தது. தானாக நடந்தது என்பதால்தான், அது நின்றுபோனபோதும் ஒருவரும் கவனிக்கவில்லை.

மாநில அளவில் இளைஞருக்கென்று பர்ன்லி கிண்ணம் என்ற போட்டி இருந்தது. 1985 முதல் தலைவர் கிண்ணப் போட்டி வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஓர் இளைஞர் குழுவை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அதனால் உண்டாயிற்று.

1989இல் பெரிய மாற்றம் வந்தது. பாதித் தொழில்முறை லீக் தொடங்கிற்று. அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. 'இறக்குமதி ஆட்டக்காரர்' என்ற சொல் நம் வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது. பேராக் அடுத்த ஆண்டே, 1990இல், முதன்முதலாக நடந்த எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. அரங்குகள் நிரம்பின. இறக்குமதி ஆட்டக்காரர் வந்ததால் நம் பையன்கள் கெட்டுப்போனார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சியில் சேர மாட்டோம். நல்ல ஆட்டக்காரனோடு தினமும் பயிற்சி செய்வதைவிடச் சிறந்த பாடம் ஓர் இளைஞனுக்குக் கிடையாது. தீங்கு வந்தது வேறு வழியில். காற்பந்து ஒரு தொழிலாகிவிட்டபோது, பழைய அலுவலக வேலை என்ற பாதுகாப்பு கழன்று விழுந்தது. சம்பளம் கூடியது, ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு என்று சுருங்கியது. மாநிலச் சங்கங்களோ, நுழைவுச்சீட்டுப் பணத்தையும் அரசாங்கத்தின் ஆதரவையும் நம்பியே இருந்தன. மாத வரவு நிலையற்றது, மாதச் செலவோ நிலையானது என்றால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பதை நம் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1994இல் ஆட்டங்களைப் பணத்துக்கு விற்ற ஊழல் வெடித்து, நாடெங்கும் பல ஆட்டக்காரர்கள் தடை செய்யப்பட்டனர். பெயர் பெற்ற முகங்கள் மறைந்தன. அரங்கில் கூட்டம் குறைந்தது. அந்த இருண்ட ஆண்டுகளுக்குப் பின்தான் பேராக்கின் நல்ல காலம் வந்தது என்பது வியப்பு. கார்ல் ஹைன்ஸ் வைகாங் என்ற ஜெர்மானியர் பயிற்றுநராக வந்தார். முன்னர் மலேசியத் தேசியக் குழுவுக்கும் பயிற்றுநராக இருந்தவர் அவர். அவர் காலத்தில் பேராக் 1998இலும் 2000இலும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1998 இறுதி ஆட்டம் திரங்கானுவுடன் சமநிலையில் முடிந்து, பினால்டியில் தீர்ந்தது. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் வாகையும் பேராக்கிற்கே, 2004இல் எஃப்.ஏ. கிண்ணம்.

அந்தக் குழுவில் காலிட் ஜம்லுஸ் போன்ற கோல் வீரர்கள் இருந்தார்கள். கே. நந்தகுமாரும் வி. சரவணனும் இருந்தார்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் கறுப்புச் சட்டையில் ஆடுவதைக் காண நம்மவர்கள் ஈப்போ அரங்குக்குப் போனார்கள். லைபீரியாவின் ஃபிராங்க் சியாட்டர் போன்ற அயல்நாட்டாரும் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் பேராக்கிற்காக ஆடினர். உள்ளூர் ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடி ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். வெளியிலிருந்து வந்தவர் அந்தக் கட்டுக்கோப்புக்குள் வந்து பொருந்தினார். வீடு ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. அவர் வந்து மாடி எழுப்பினார். இதுவே பேராக் கண்ட சிறந்த சமநிலை என்பது நம் கருத்து.

இந்த இடத்தில் நாட்டின் கதையையும் சற்றுப் பார்க்க வேண்டும். 2009இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது. 2012இல்தான் அவர்கள் திரும்பினர். இடைப்பட்ட காலத்தில், 2009 டிசம்பரில், கே. ராஜகோபால் பயிற்றுவித்த இளைஞர் குழு லாவோஸ் நாட்டின் வியஞ்சானில் வியட்நாமை 1-0 என வென்று சீ விளையாட்டில் தங்கம் பெற்றது. மறு ஆண்டு டிசம்பரில் அதே ராஜகோபாலின் தேசியக் குழு இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 4-2 எனத் தோற்கடித்து ஆசியான் கிண்ணத்தை முதன்முறையாக நாட்டுக்குக் கொண்டுவந்தது. நம்மவர் ஒருவர் நாட்டின் பயிற்றுநராக நின்று அந்தக் கிண்ணத்தை ஏந்தியதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

தடை போட்டதால் வெற்றி வந்தது என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தடை இடத்தைத் திறந்து விட்டது, உண்மை. லீக் ஆட்டங்களில் முன்வரிசையில் நம் பையன்கள் நிற்க முடிந்தது. ஆனால் அந்த இடத்தில் நிற்கத் தகுதியானவர்கள் எப்படிக் கிடைத்தார்கள்? 'ஹரிமாவ் மூடா' என்ற இளைஞர் குழு 2007இலேயே அமைக்கப்பட்டு, ஒன்றாகப் பயிற்சி பெற்று வந்தது. நாற்று முன்பே விடப்பட்டிருந்தது. பிறகுதான் நிலம் ஒழிந்தது. நிலத்தை மட்டும் ஒழித்துவிட்டு நாற்று இல்லாமல் நின்றிருந்தால் களைதான் முளைத்திருக்கும்.

மீண்டும் பேராக்கிற்கு வருவோம். 2018 அக்டோபர் 27ஆம் நாள், ஷா ஆலாம் அரங்கு. பேராக் மூன்று கோல், திரங்கானு மூன்று கோல். பினால்டியில் பேராக் 4-1 என வென்றது. 18 ஆண்டுகளுக்குப் பின் கிண்ணம் ஈப்போ வந்தது. மெஹ்மெட் டுராகோவிச் பயிற்றுநர். முன்னே சொன்ன மூன்று பிரேசில் ஆட்டக்காரர்களோடு, ஷாருல் சாட், ஜெ. பார்த்திபன், கென்னி பால்ராஜ் போன்ற உள்ளூர் இளைஞர்களும் அந்த ஆண்டுக் குழுவில் இருந்தனர். மறு ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்துக்கும் பேராக் சென்று, கெடாவிடம் ஒரே கோலில் தோற்றது.

அந்த உச்சியிலிருந்து விழுந்த வேகம் அச்சமூட்டுவது. பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் மூடிக் கிடந்தன. மாநிலச் சங்கங்கள் தனியார் கழகங்களாக மாற வேண்டும் என்ற விதியும் அதே நேரத்தில், 2021 பருவத்தோடு, நடைமுறைக்கு வந்தது. பேராக்கில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. முன்னணி ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினர். ஷாருல் சாட் ஜொகூர் சென்றார். 2021 முடிவில் பேராக் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. கிண்ணம் ஏந்தி மூன்றே ஆண்டுகள்! பின்னர் ஒரு தனியார் நிறுவனம் கழகத்தை ஏற்று நடத்தியது. லீக் அமைப்பு மாறியதால் மீண்டும் மேல்தளத்துக்கு வந்தது. ஆனால் 2025இல், அடுத்த பருவப் போட்டியில் கலந்துகொள்ளப்போவதில்லை என்று அறிவித்து விலகியே விட்டது.

மூத்தவர்கள் போன இடங்களில் அப்போது யாரை நிறுத்தினார்கள்? இளைஞர்களைத்தான். பணம் இருந்தபோது காத்திருப்போர் பலகையில் உட்கார்ந்திருந்த பையன்கள், பணம் தீர்ந்தபோது ஒரே நாளில் முழுக்குழுவாக நிறுத்தப்பட்டனர். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க மூத்தவர் போதுமானவர் இல்லை. அவர்கள் தோற்றார்கள். 'உள்ளூர்ப் பையன்களுக்குத் தரம் போதாது' என்று பேச்சு எழுந்தது.

இந்தத் தீர்ப்பு அநீதியானது. பால் மரத்தைப் பற்றி அறிந்த நேயர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஒட்டுக்கன்றை நட்டால் ஐந்து, ஆறு, ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். மரத்தின் சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் வரும்வரை கத்தி வைக்கக் கூடாது. கையில் காசில்லை என்பதற்காக இளமரத்தைத் திறந்தால் பால் கொஞ்சம் வரும், பட்டை கெடும், மரம் பெருக்காது. பிறகு 'இது நல்ல இனமன்று' என்று மரத்தின் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்? பேராக்கில் நடந்தது இதுதான். இளைஞரை வளர்ப்பது, விலைக்கு வாங்குவது என்ற இரண்டும் ஒரே காலத்தில், அருகருகே நடக்க வேண்டிய வேலைகள். பணம் உள்ள காலத்தில் வாங்குவது, பணம் தீர்ந்த பின் இளைஞரை நினைப்பது என்று வரிசைப்படுத்தினால் இரண்டுமே வீணாகும். விலைக்கு வந்தவர் போய்விடுவார். வீட்டில் வளர்ந்தவன் மனம் உடைவான்.

இது நம் நாட்டுக் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா கழகம் 1979 முதல் 'லா மாசியா' என்ற விடுதியில் சிறுவர்களைத் தங்க வைத்துப் படிப்பும் பந்தும் கற்பித்தது. 2012 நவம்பரில் லெவாண்டே குழுவுடன் ஆடிய ஆட்டத்தில், ஒரு கட்டத்தில் திடலில் நின்ற பதினொருவரும் அங்கே வளர்ந்தவர்களாக இருந்தனர். அதே கழகம் 2017இல் நெய்மாரை விற்று 222 மில்லியன் யூரோ பெற்றது. அந்தப் பெரும் பணத்தைக் கொண்டு அவசரம் அவசரமாகப் பெரிய பெயர்களை வாங்கியது. சம்பளச் செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. 2021 ஆகஸ்டில், பதின்மூன்று வயது முதல் தான் வளர்த்த மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியாமல் அனுப்பிவிட்டது. பார்சிலோனாவுக்கே இந்த நிலை என்றால் ஈப்போவை மட்டும் குறை சொல்வானேன்?

நம் நாட்டில் ஜொகூர் கழகம் 2014 முதல் 2025 வரை தொடர்ந்து 11 முறை லீக் வாகை சூடியது. அவர்கள் வாங்கவும் செய்தார்கள், பயிற்சிக்கூடமும் வைத்தார்கள். அதற்கேற்ற பணவலிமை அவர்களுக்கு உண்டு. மற்ற மாநிலங்களுக்கு அது இல்லை. மற்றவர்கள் பயிற்சிக்கூடத்தைப் பார்த்துப் பின்பற்றாமல் சம்பளத்தைப் பார்த்துப் போட்டி போட்டதுதான் வருத்தத்துக்குரியது.

இன்னொரு முனையில் நம் சமுதாயத்தோடு நெருங்கிய முயற்சி ஒன்றும் இருந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி கழகம், சூப்பர் லீக் வரை சென்றது. 2022இல் பி. மணியம் பயிற்றுநராக இருக்க, அயல்நாட்டார் ஒருவரும் இல்லாமல் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு அது ஆடியது. மானமாகத்தான் ஆடினார்கள். அந்தப் பருவத்தோடு கழகம் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. முழுக்க வாங்குவதும் நிலைக்கவில்லை, முழுக்க வாங்காமலிருப்பதும் நிலைக்கவில்லை. பின்னால் நின்று பல ஆண்டு தாங்குவோர் இல்லாவிட்டால் எந்தக் கொள்கையும் நிற்பதில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கு மாறின, பல வீடமைப்புத் திட்டங்களாயின. குடும்பங்கள் புந்தோங்கிற்கும் மெங்லெம்புவுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. வீடு கொடுத்தார்கள், பல இடங்களில் போராடிய பின். திடல் கொடுத்தவர் அரிது. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசாங்கம் வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகைதான். மிகச் சிறிய பள்ளியில் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பையன்களை ஒன்றாகச் சேர்த்தாலும் பதினொருவர் தேறுவதில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆட வைக்கிறோம். அதனால் சில நல்ல பெண் ஆட்டக்காரர்கள் கிடைத்தார்கள் என்பது தனிக்கதை.

இப்படி இருந்தும் திறமை அற்றுப்போகவில்லை. ஆகவே ஒரு நாள் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து, 'பையனைக் கழகத்துக்கு அனுப்புங்கள்' என்று கேட்கக்கூடும். பெற்றோர் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் எது, யார் கட்டணம் கட்டுவார்கள், அடிபட்டால் மருத்துவம் யார் பொறுப்பு, சம்பளம் என்றால் எந்தத் தேதி என்று கேளுங்கள். ஒப்பந்தத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவர் வாசித்துச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள். பழைய காலத்து அரசாங்க வேலை இன்று காற்பந்தோடு சேர்ந்து வருவதில்லை என்பதை முன்னே சொன்னோம்.

மற்றொரு செய்தி பலருக்குத் தெரியாதது. உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி, ஓர் ஆட்டக்காரர் ஒரு நாட்டுக் கழகத்திலிருந்து வேறு நாட்டுக் கழகத்துக்குப் பணம் கொடுத்து மாற்றப்படும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை வளர்த்த கழகங்களுக்குப் பங்கிடப்படுகிறது. எந்த வயதிலிருந்து கணக்கு? 12 வயதிலிருந்து 23 வயது வரை. அதற்கு முன் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடியது அந்தக் கணக்கில் வராது. அதற்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் 12 வயதுக்குப் பின்னும் நம் பையன்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்திலும் குடியிருப்புக் குழுக்களிலும்தான் ஆடுகிறார்கள். அந்த மன்றம் முறைப்படி காற்பந்துச் சங்கத்தில் பதிவு பெற்று, பையனின் பெயரும் அதன் ஆட்டக்காரராகப் பதிவாகியிருந்தால், அந்த ஆண்டுகள் அவனுடைய ஆவணத்தில் ஏறும். பதிவு இல்லையென்றால், அவனை வளர்த்தவர் யாருமில்லை என்றே அந்த ஆவணம் சொல்லும். மன்றப் பொறுப்பாளர்கள் மாவட்டக் காற்பந்துச் சங்கத்துக்குச் சென்று இதைப் பற்றி விசாரித்து வரலாம். போகும்போது மன்றத்தின் பதிவுச் சான்றிதழையும் பையன்களின் பிறப்புப் பத்திர நகல்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.